மோட்டார்ப் பெருவணிகர் டி. வி. சுந்தரம் ஐயங்கார்

முன்னுரை

அமெரிக்க நாட்டிலே 1964-ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம், ஆற்றல் மிக்க ஒருவகை மோட்டார் வண்டிகள் செய்யப்பெற்றன. நடுத்தர அளவினதாகிய வண்டியின் உடலிலே பெரு வண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் உள்ளத்தைக் கவருமாறு அமைத்த வண்டிகள் அவை. போண்டியாக் ஜி. டி. ஓ. என்பது அவ்வினத்திற்கு வழிகாட்டியாய் நின்றது. டாட்ஜ் சார்ஜர், ஷெவர்லே ஷெவெல், பிளிமத் ரோட்ரன்னர் முதலியன அதனைப் பின்பற்றி வந்தன. காற்று மாசுபடாது காத்தற்பொருட்டு 1970-இல் இயற்றப்பெற்ற சட்டமும், காப்பீட்டுக் கட்டணத்தின் உயர்வும், 1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் ஒருங்கு கூடி அவ்வினத்தின் ஓட்டத்தை அடக்கிவிட்டன. எனினும், அவ்வண்டிகளைத் தேடிப் பெற்று, துருவினை அகற்றி, தேய்ந்த உறுப்புக்களை மாற்றி, தத்தம் விருப்பிற்கேற்பத் திருத்தியமைத்து, அவை மீண்டும் உறுமக் கேட்டு மகிழ்வோர் இன்றும் அந்நாட்டில் மிகப் பலராவர்.

பொன்னி பாயும் நம் சோழநன்னாட்டிற்கும் இதற்கும் என்ன இயைபு என நம் மாணவத் தோழர்கள் வினவக்கூடும். இயைபு உண்டு. அங்கே செல்வத்தாலும் ஓய்வாலும் பிறந்த அக்கலை, இங்கே அதற்குப் பன்னாள் முன்னரே தேவையாற் பிறந்தது. கடல் கடந்து வந்த அமெரிக்க வண்டியின் வெற்றுச் சட்டத்தின்மீது உடல் கட்டுதலும், உதிரி உறுப்புக் கிடையாத காலத்தில் பழையதைப் பிரித்துப் புதுக்குதலும், பெட்ரோல் இல்லாதபோது கரியினால் ஓடுமாறு அவ்வெஞ்சினை மாற்றியமைத்தலும் தென்னாட்டுப் பட்டறைகளில் நாள்தோறும் நிகழ்ந்த வினைகளாம். அவ்வினைகளை ஓர் ஒழுங்கிற்கு உட்படுத்தி, அவற்றைப் பொதுமக்களுக்குப் பயன்படுத்திய பெரியார் ஒருவர் தம் தொழில் வாழ்க்கையைத் தொடங்கிய களம் நம் தஞ்சை மாநகரே. அவர்தாம் திருக்குறுங்குடி வேங்காரம் சுந்தரம் ஐயங்கார். டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தை அறியாத தமிழர் இலர். அவ்வெழுத்துக்களுக்குரியவரின் வரலாற்றை அறிந்தாரோ சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் முதற்பணிகளும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தே அமைந்தது திருக்குறுங்குடி. ஆழ்வார்களால் பாடப்பெற்ற வைணவத் திருப்பதிகளுள் அதுவும் ஒன்று. அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்க்குத் திறந்திருந்த வாயில்கள் மூன்றே எனலாம்: வழக்குமன்றம், அரசாங்க அலுவல், கணக்கெழுதும் பணி. சுந்தரம் ஐயங்காரும் அவ்வழியிலேயே புகுந்தார். முதற்கண் வழக்கறிஞராய் இருந்தார். பின்னர் இருப்புப்பாதை நிருவாகத்திற் பணியாற்றினார். அதன்பின் ஒரு வங்கியிலும் அமர்ந்தார்.

இம்மூன்றனுள் எதனிலும் அவர் நிலைத்தாரல்லர். ஆயினும் இம்மூன்றும் வீண்போயின என்று கூறுதற்கில்லை. ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டை வழக்குமன்றத்திலும், குறித்த நேரத்தின் அருமையை இருப்புப்பாதையிலும், பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பை வங்கியிலும் காண்டல் எளிது. பிற்காலத்தில் அவர் நடத்திய தொழிலில் இம்மூன்றும் சிறந்து விளங்கியமையை நோக்குமிடத்து, அவை அவருக்குப் பயிற்சிக்கூடங்களாய் அமைந்தன என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தைத் துறந்து, முன்பின் அறியாத தொழிலிற் புகுதல் அந்நாளில் அறிவுடையார் செயலாகக் கருதப்படவில்லை. அவருக்கோ அப்போது வயது முப்பதைக் கடந்திருந்தது, குடும்பமும் இருந்தது. அங்ஙனமிருந்தும் 1911-ஆம் ஆண்டில் அவர் தம் பெயரால் ஒரு தொழில் நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டின் நவம்பர்த் திங்களில் அமெரிக்காவிலே ஷெவர்லே கம்பெனியும் தோன்றியது. ஒன்றையொன்று அறியாது உலகின் இருகோடியிலே பிறந்த அவ்விரு நிலையங்களும் பிற்காலத்திற் கைகோத்து நடக்கும் என்று அன்று யார் கண்டார்?

தஞ்சையில் முதல் முயற்சி

1912-ஆம் ஆண்டில் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். இவ்வூர்களை அவர் தேர்ந்தெடுத்தமையின் நுட்பத்தை உணரவேண்டுமாயின், அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861, 1862-ஆம் ஆண்டுகளிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. ஆகவே, காவிரிப் பாய்ச்சலிலே உள்ள ஊர்களுக்குப் புகைவண்டி புதிதன்று. புதுக்கோட்டையோ தொண்டைமான் மன்னரின் தனியரசாய் இருந்தது. 1929 வரை அதற்கு இருப்புப்பாதை வரவில்லை. தஞ்சைக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 35 மைல். வழியோ இருவேறு உலகங்களை இணைப்பது. தஞ்சையை விட்டுத் தெற்கே செல்லச் செல்ல வயலின் பசுமை மறையும்; செம்மண் மேடும் முந்திரிக் காடும் தோன்றும். மேட்டூர் அணையுடன் 1934-இல் பயனுக்கு வந்த கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என வழங்குவது, அந்நாளில் வெட்டப்படவில்லை. ஆதலின், இன்று நீர் பாயும் நிலங்கள் பலவும் அன்று வானம் பார்த்தே கிடந்தன. நெல் மிகுந்த நாட்டிற்கும் நெல்லை வேண்டிய நாட்டிற்கும் இடையே மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே தூது நடந்தன. இரட்டை மாட்டு வண்டியில் இரவு புறப்பட்டால் மறுநாள் பொழுது ஏறியபின்னரே ஊர் சேரலாம். இருப்புப்பாதையிற் பணியாற்றிய அனுபவமுடைய ஐயங்கார், புகைவண்டி செல்லாத இடத்தே செல்லுதலே பஸ்ஸின் கடமை எனத் தெளிந்தார் போலும்.

அம்முயற்சியின் இடர்களை இன்று நாம் எண்ணிப் பார்த்தலும் அரிது. எஞ்சினை மின்விசையால் இயக்கும் முறை கேடிலாக் வண்டியில் முதன்முதலாக வந்ததே அந்த 1912-ஆம் ஆண்டிற்றான். மற்ற வண்டிகளையெல்லாம் முன்புறத்தே இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே கிளப்புதல் வேண்டும். எஞ்சின் பின்னுதைத்தால் ஓட்டுவோன் கையெலும்பு முறிந்துபோதலும் உண்டு. சாலைகளோ இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரங்களால் உழப்பட்டுக் கிடந்தன. கோடையிற் புழுதி, ஐப்பசி கார்த்திகையிற் சேறு. மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் டயருக்குக் கூற்றுவனாயின. இவ்வாணிகளைப் பொறுக்குதற்குச் சாலையிலே காந்தம் பொருத்திய வண்டியை ஐயங்காரின் நிலையத்தார் முன்னே ஓட்டி வந்தனர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. பயணியர் இடையிலே இறங்கி நிற்றலாகாது என்பதிலே அவர்க்கிருந்த கவலையை அச்செய்தி நன்கு உணர்த்தும்.

தஞ்சையிற் பெற்ற துணிவு பின்னர் மதுரையில் விரிவடைந்தது. மதுரை மேலவெளி வீதி அவர் நிலையத்தின் தலைமையிடமாயிற்று. நகரங்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் அவர்தம் பஸ்கள் செல்லலாயின. டி. வி. எஸ். பஸ் வருகின்ற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது பாண்டிநாட்டிலே பன்னாள் வழங்கிய பேச்சு.

பட்டறையின் பெருமை

குறித்த நேரத்தில் வண்டி வருதல் என்பது ஓட்டுவோனின் திறமையால் மட்டும் நிகழ்வதன்று. அது முந்திய இரவு பட்டறையிலேயே முடிவாகிவிடுகின்றது. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க பகுதி இதுவேயாகும்.

அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பஸ் என்பது முழு வண்டியன்று. எஞ்சினும், நீண்ட இரும்புச் சட்டமும், சக்கரங்களுமே வரும். அதன்மீது கூடும் இருக்கையும் அமைத்தல் நம் நாட்டுத் தச்சர்க்கும் கொல்லர்க்கும் உரிய வேலை. தேக்கும் பிற மரங்களும் கொண்டு எலும்புக்கூட்டை அமைத்து, தகட்டினாற் போர்த்து, கூரைமேல் மூட்டை ஏற்றுதற்குக் கம்பி வேலியிட்டு, பின்புறம் ஏணி வைத்து, வண்ணம் பூசிப் பெயரெழுதி முடிப்பர். நெல் மூட்டையும், வாழைத்தாரும், வெற்றிலைக் கட்டும், கோயில் திருவிழாக் கூட்டமும் ஒருங்கே ஏறும் நாட்டிற்கு அமெரிக்காவில் வரைந்த படம் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின், அவ்வண்டி இங்கே வந்தபின் மறுபிறப்பு எடுத்தது என்றே கூறல் வேண்டும்.

எஞ்சின் மட்டும் மாறாது நின்றது எனக் கருதற்க. அதுவும் காலந்தோறும் பட்டறையிற் பிரித்துக் கோக்கப்பட்டது. உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுத்தல், வால்வுகளைத் தேய்த்து அவை தத்தம் இடத்திலே காற்றுப் புகாது அமருமாறு செய்தல், பிஸ்டனின் வளையங்களை மாற்றுதல், தேய்ந்த பேரிங்குகளில் ஈயம்போன்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி வார்த்து மீண்டும் கடைந்து பொருத்துதல் முதலிய வினைகள் கைத்திறனை வேண்டுவன. மயிரிழை அளவு தவறினும் எஞ்சின் தட்டும் ஓசை கேட்கும். தேர்ந்த தொழிலாளி அவ்வோசையைக் கேட்டே நோயின் இடத்தைக் கூறிவிடுவான். மருத்துவன் நாடி பார்த்தல்போன்ற கலையிது. இதனைப் பள்ளியிற் படித்தறிந்தார் அன்று எவருமிலர். மூத்த தொழிலாளியின் அருகிலிருந்து கண்டு கற்றவரே பலர்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ஆம் ஆண்டில் பம்பாயிலே வண்டிகளைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலையைத் திறந்தது. அடுத்த ஆண்டில் ஷெவர்லே வண்டிக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின் அமைந்தது. விலை மிகாமலும், சுமையைத் தாங்குவதாயும், பழுது பார்த்தற்கு எளிதாயும் இருந்தமையின் நம் நாட்டுச் சாலைகளில் அவ்வண்டி நன்கு பரவியது. ஐயங்காரின் குடும்பத்து நிலையங்களுள் ஒன்றாகிய சுந்தரம் மோட்டார்ஸ் அக்கம்பெனியின் வண்டிகளை விற்கும் உரிமை பெற்று, 1950-க்குப்பின் வந்த ஆண்டுகளில் இந்திய நாட்டிலேயே அவ்வண்டிகளை மிகுதியாக விற்கும் நிலையமாய் உயர்ந்தது. மதராஸ் ஆட்டோ சர்வீஸ் என்னும் மற்றொரு நிலையமும் வண்டிகளைப் பேணும் பணியில் ஈடுபட்டது.

ஒரு பொருளை விற்றுப் பணம் பெற்றவுடன் தம் கடமை முடிந்தது என்று எண்ணும் வணிகர் உலகிற் பலர். பொருள் உழைக்கும் காலமெல்லாம் தம் கடமையும் தொடர்கின்றது என்று எண்ணுவார் சிலர். சுந்தரம் ஐயங்கார் இவ்விரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர். தாமே பஸ் ஓட்டியவராதலின், நடுவழியில் நின்றுபோன வண்டியின் துன்பத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப்போர் 1939-இல் மூண்டது. 1942-இன் தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின; அவ்வாண்டிலேயே பர்மாவும் வீழ்ந்தது. உலகத்து ரப்பரிற் பெரும்பகுதியை விளைத்த நாடு மலேயா. நமக்கு எண்ணெய் அளித்த நாடு பர்மா. ஆதலின், ஒரே காலத்தில் டயரும் பெட்ரோலும் அருகின. அமெரிக்கத் தொழிற்சாலைகள் போர்க்கருவிகளைச் செய்தலில் முனைந்தமையாற் புதிய வண்டிகளும் உதிரி உறுப்புக்களும் வருதல் நின்றது. இருக்கும் பெட்ரோல் படைகளுக்கும் இன்றியமையாத அலுவல்களுக்கும் பங்கிடப்பெற்றது. பஸ் முதலாளிகள் செய்தற்குரியன இரண்டாயின: வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போர் முடியுங்காறும் காத்திருத்தல், அல்லது புதுவழி காண்டல்.

வண்டி நின்றால் முதலாளிக்கு வருவாய் போகும், அது சிறிது. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோயாளியும், சந்தைக்குச் செல்லவேண்டிய குடியானவனும், பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளையும் யாது செய்வர்? முப்பதாண்டுகளில் மக்கள் பஸ்ஸை நம்பி வாழப் பழகிவிட்டனர். பலவிடங்களிற் குதிரை வண்டிக்காரர் தொழிலைக் கைவிட்டுவிட்டனர். பழைய வழி அழிந்து, புதிய வழியும் அடைபடுமாயின் ஊர்கள் தனித்தனித் தீவுகளாய்விடும்.

இந்நெருக்கடியிலே சுந்தரம் ஐயங்கார் கரிவாயுக் கருவியைச் செய்து வெளியிட்டார். டி. வி. எஸ். காஸ் பிளாண்டு என்று அது பெயர் பெற்றது. கரியிலிருந்து வாயுவெடுத்து எஞ்சினை ஓட்டலாம் என்னும் உண்மை அவர் கண்டுபிடித்ததன்று; பிரான்சு முதலிய ஐரோப்பிய நாடுகளில் 1920-க்குப்பின் அது பயன்பட்டு வந்தது. நம் நாட்டுக் கரிக்கும், நம் நாட்டுச் சாலைக்கும், பழகித் தேய்ந்த நம் வண்டிகளுக்கும் ஏற்றவாறு அதனை அமைத்து, தென்னாட்டுப் பட்டறையிலேயே செய்து கொடுத்ததுதான் அவருடைய அருஞ்செயல்.

அக்கருவி இயங்கும் முறை கேட்டற்கினியது. வண்டியின் பின்புறத்தே ஆளுயரமுள்ள இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதனுள்ளே மரக்கரியை நிரப்பி அடியிலே தீ மூட்டுவர். கைவிசிறியைச் சுழற்றிக் காற்றூட்டினால் கனல் பற்றும். போதிய காற்றில்லாமற் கரி எரியுமிடத்து, முழுவதும் எரிந்துவிடாத வாயுவொன்று தோன்றும்; கார்பன் மோனாக்ஸைடு என்பது அதன் பெயர். அவ்வாயு குழாய்களின் வழியே சென்று குளிர்ந்து, வடிகட்டியிற் சாம்பலும் தூசியும் நீங்கப்பெற்று, காற்றுடன் கலந்து எஞ்சினுட் புகும். பெட்ரோல் புகுமிடத்து இது புகுந்து எரிந்து பிஸ்டனைத் தள்ளும்.

குறைகளும் பல இருந்தன. பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ அதனினும் மிகுதியோ குறைந்துவிடும். சமநிலமாகிய காவிரிப் பாய்ச்சலில் வண்டி ஒருவாறு ஓடும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்திலோ திணறும். மேட்டுப் பாங்கான இடங்களிற் பயணியர் இறங்கித் தள்ளியதும் உண்டு. புறப்படுதற்கு நெடுநேரம் முன்னரே தீ மூட்டவேண்டும். நாள்தோறும் சாம்பலை அகற்றவேண்டும். வாயு நச்சுத் தன்மையுடையதாதலின் குழாய்களிற் கசிவு இராமற் காக்கவேண்டும். ஓட்டுவோரும் உதவியாளரும் கரி படிந்த முகத்தினராய்க் கொல்லுலையிலிருந்து வந்தார் போன்று தோன்றினர். ஆனாலும் வண்டி நிற்கவில்லை. கருவேலங் கரியும் சவுக்கங் கரியும் இந்நாட்டிலே கிடைப்பன. அவற்றிற்காகக் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை.

டயர்ப் பஞ்சத்திற்கும் அவர் வழி கண்டார். தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சுரண்டி, புது ரப்பர்ப் பட்டையை அதன்மேற் பொருத்தி, அச்சினுள் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் இரண்டும் ஒன்றிவிடும். உள்ளிருக்கும் துணி அடுக்குகள் கெடாமலிருந்தால் ஒரு டயர் இவ்வாறு மறுமுறையும் உழைக்கும். இதற்கென அவர் தொழிற்சாலை நிறுவினார். எறியத்தக்கது என்று பிறர் தள்ளியது அவர் கையில் மற்றொரு வாழ்நாளைப் பெற்றது.

முன்னுரையிற் கூறிய அமெரிக்க வண்டிகளை ஈண்டு நினைவு கூர்வோம். 1973-இல் எண்ணெய் அருகியபோது அப்பெரு வண்டிகளின் காலம் முடிந்தது. 1942-இல் எண்ணெய் அருகியபோதோ தென்னாட்டுப் பட்டறைகளின் திறமை வெளிப்பட்டது. நெருக்கடி எல்லார்க்கும் வருவதே. அதனை எதிர்கொள்ளும் உள்ளமும் கையும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல.

இல்லமும் மக்களும்

சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கைத் துணைவியார் லட்சுமி அம்மாள். அவர்களுடைய மகள் சௌந்தரம் 1904-ஆம் ஆண்டிற் பிறந்தார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணஞ்செய்விக்கப்பெற்ற அவ்வம்மையார், இளமையிலேயே கணவரையும் இழந்தார். கைம்பெண்ணாகிய இளமங்கை வீட்டின் பின்கட்டிலே ஒடுங்கிக் கிடத்தலே அந்நாளைய சமூகம் விதித்த விதி. அவ்விதிக்கு மாறாகச் சௌந்தரம் அம்மையார் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் கற்று 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1940-இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். அம்மணம் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் திருமுன் நிகழ்ந்தது. 1947-இல் அவ்விருவரும் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சிற்றூர்ப் பெண்டிர்க்கும் மகவுகளுக்கும் அங்கே மருத்துவமும் கல்வியும் கிடைத்தன. அம்மையார் பின்னர் நடுவண் அரசிலே கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார். தந்தையின் பஸ்கள் எட்டிய சிற்றூர்களை மகளாரின் தொண்டு வேறொரு வழியாய் எட்டியது எனலாம்.

மைந்தர்களாகிய இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா முதலியோர் தந்தையின் தொழிலை ஏற்று வளர்த்தனர். அவர்களுள் டி. எஸ். சந்தானம் 1954-ஆம் ஆண்டிற் சுந்தரம் பைனான்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். லாரியோ பஸ்ஸோ வாங்க முழுப்பணம் இல்லாதவர்க்கு, தவணையிற் செலுத்துமாறு பொருளுதவி செய்வது அதன் நோக்கம். பிறர் வண்டியை ஓட்டிக் கூலி பெற்றவன் ஒருநாள் தானே ஒரு வண்டிக்கு உரியவனாதற்கு அத்தகைய உதவி வழி திறந்தது. உடைமை என்பது செல்வர்க்கே உரியது என்னும் நிலை அதனாற் சிறிது தளர்ந்தது.

இறுதியும் பின் நிகழ்ந்தனவும்

முதுமை வந்தபோது ஐயங்கார் தொழிற்பொறுப்பை மைந்தரிடம் ஒப்புவித்துத் தாம் ஒதுங்கிக்கொண்டார். தாம் கட்டியதைத் தம் கையினின்றும் விடுதல் பலருக்கு இயலாத செயல். அவருக்கு அஃது இயன்றது. 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள், கோடைக்கானலிலுள்ள தம் இல்லத்திலே, உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 78.

அவருக்குப்பின் காலம் பல மாறுதல்களைக் கொணர்ந்தது. உள்நாட்டிலேயே வண்டி செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று இந்திய அரசாங்கம் கொண்ட கொள்கையால், ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இலேயே பம்பாய்த் தொழிற்சாலையை மூடிச் சென்றது. புதிய அமெரிக்க வண்டிகள் வருதல் அருகியது. பழையனவற்றைப் பேணிப் பேணி ஓட்டுதலே வழியாயிற்று. போர் முடிந்தபின் படையினர் மிகையென்று விற்ற லாரிகளும் அங்ஙனமே நெடுங்காலம் உழைத்தன. மற்றொருபுறம், வெளிநாட்டு உறுப்புக்களை எதிர்நோக்கிய குடும்பத்தார் அவற்றைத் தாமே செய்யத் தொடங்கினர். 1960-க்குப்பின் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி. வி. எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலிய தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றித் தோன்றின. சக்கரமும், மின்கருவியும், தடையும் தமிழ்நாட்டிலேயே உருவாயின. பட்டறையிலே பழுது பார்த்துப் பயின்ற கை, ஈற்றிற் புதியது படைக்கும் கையாயிற்று.

1972-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு பெரிய பஸ் நிலையங்களைத் தன்னுடைமையாக்கியது. மதுரையில் டி. வி. எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. நம் பக்கத்தில், கும்பகோணத்து இராமன் அண்டு இராமன் நிலையத்தின் பஸ்கள் சோழன் போக்குவரத்துக் கழகமாயின. அறுபதாண்டுகள் ஓடிய பெயர் சாலையிலிருந்து மறைந்தது. அதனை எண்ணி வருந்துவாரும் உளர். பொதுமக்களுக்குரிய பணி பொதுவுடைமையாதலே முறையென்பாரும் உளர். எங்ஙனமாயினும், பஸ் குறித்த நேரத்தில் வருதல் வேண்டும் என்று இன்று நாம் உரிமையுடன் எதிர்பார்க்கின்றோம் அல்லவா? அவ்வெதிர்பார்ப்பைத் தென்னாட்டு மக்கள் உள்ளத்திலே விதைத்தவர்களுள் முதல்வர் சுந்தரம் ஐயங்கார்.

முடிவுரை

தோழர்களே! பழைய அமெரிக்க வண்டியைப் புதுக்கி மகிழ்வார் செயலை நாம் இகழ வேண்டுவதில்லை. ஒரு பொருளை ஆராய்ந்து, அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்து, பொறுமையுடன் செம்மை செய்தல் எவ்விடத்தும் நற்பயிற்சியே. ஆயினும், அத்திறமை எதன்பொருட்டு என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். தன் கண் களிக்க ஒரு வண்டியைப் பேணுவோன் அதன் உரிமையாளன். முகமறியாத ஒருவன் ஆதனக்கோட்டைச் சாலையோரத்தே மூட்டையுடன் காத்திருப்பான் என்பதை நினைந்து, நள்ளிரவிலே விளக்கேற்றி எஞ்சினைப் பிரிப்போன் அதற்கும் மேலானவன். சுந்தரம் ஐயங்காரின் பட்டறைகள் அத்தகையோரை உருவாக்கின.

நாம் கல்லூரியை விட்டு நீங்கும்போது நம்முட் பலர் ஆசிரியராவோம், சிலர் அலுவலராவோம், வேறு சிலர் தந்தையரின் நிலத்திற்கே திரும்புவோம். புதியன தொடங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. முன்னோர் விட்டுச்சென்ற பள்ளியையும், வாய்க்காலையும், நூல்நிலையத்தையும், சங்கத்தையும் பேணுதலே நம்மிற் பெரும்பாலோர்க்கு வாய்க்கும் பணி. அப்பணி சிறப்பற்றது என்று எண்ணி உளந்தளர்வோர் இவ்வரலாற்றைச் சிந்திப்பாராக. தேய்ந்ததை எறியாது சீர்செய்து, நின்றதை இயக்கி, சொன்ன நேரத்திற் சென்று சேர்தலும் ஒரு பெருவாழ்வே என்பதைத் தஞ்சைச் சாலையிலே தொடங்கிய அவ்வாழ்வு நமக்குக் காட்டி நிற்கின்றது.